அவர் தூங்குகிறார், மெதுவாகப் பேசு

ராத்திரி இரண்டே முக்கால். திருப்போரூரிலிருந்து நெம்மேலிக்குப் போகிற ரோடு.

ஓ.எம்.ஆர். வெளிச்சமெல்லாம் திருப்போரூரோடு சரி. இடது பக்கம் திரும்பினால் கொஞ்ச தூரத்துக்கு வீடுகள்... அப்புறம் முள்ளுக்காடு... அப்புறம் அதுவும் இல்லை. இரண்டு பக்கமும் உப்பங்கழி. நடுவில் கோடு கிழித்த மாதிரி ரோடு. சேறும் உப்பும் சேர்ந்து அடிக்கிற வாடை, கார்க் கண்ணாடியை முழுக்க ஏற்றினாலும் உள்ளே வந்துவிடும். பாதி வழியில் கால்வாய்ப் பாலம். பாலம் ஏறும் இடத்தில் தாரும் கான்கிரீட்டும் ஒட்டாமல் ஒரு பள்ளம். டடக்... டடக்... என்று இரண்டு முறை தூக்கிப் போடும்.

இதைச் சொன்னது திருவேங்கடம். நாவலூரில் ஒரு கம்பெனியின் பார்க்கிங்கில், மழைக்குப் பயந்து ஒரே வேனுக்குள் ஏறிக்கொண்டு, இரண்டு மணிக்கு இறங்கி வரும் ஸ்டாஃபுக்காகக் காத்திருந்த ஐந்து டிரைவர்களிடம் சொன்னான். அதில் ஒருவன் வாய் கிழியக் கொட்டாவி விட்டான். அங்கேதான் பேச்சு தொடங்கியது.

"கொட்டாவி வுடாத மச்சான்... பயமா கீது. எங்க அக்கா வூட்டுக்காரரு ஜெகதீசன் கீறாரு இல்ல, அவரு ஃபிரண்டுக்கு ஆனது சொல்றேன். பேரு ஞானதாஸ். இதுல ஒரு வார்த்த பொய்யின்னா, நாளைக்கே என்ன வண்டியவுட்டு எறக்கி வுட்ருங்க."

யாரோ கை நீட்டி, வேனில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார்கள்.

ஞானதாசுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. ஊர் சதுரங்கப்பட்டினம். அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் சேறு மிதித்த குடும்பம். முதலில் ஸ்டீயரிங் பிடித்தவர் இவர்தான். வீட்டில் வயசான அப்பா, மனைவி மேரி. ஒரே பெண் ஜெனிஃபர், செங்கல்பட்டில் காலேஜ் இரண்டாம் வருஷம். இவருக்கு ராத்திரி முழுக்க நாவலூர் கம்பெனி வண்டி. வீட்டுக்கு வந்து படுக்க நாலு மணி. ஆறு மணிக்கு எழுந்து ஸ்கூல் வேன். சாயங்காலம் மறுபடி ஸ்கூல் வேன். நடுவில் கிடைப்பதையெல்லாம் கூட்டினால் மூன்று மணி நேரத் தூக்கம். அதுவும் துண்டு துண்டாக. இப்படி ஆறு வருஷம்.

"போய்ச் சேர்ந்தப்புறம் தூங்கிகினேதான் இருக்கப் போறோம், இப்ப இன்னா அவசரம்?" என்று சிரிப்பார்.

அது முதலில் நடந்த ராத்திரி, வண்டியில் கடைசி ஆள் சாம். மாமல்லபுரத்துக்காரன், இருபத்தாறு வயசு. அமெரிக்காவில் விடிந்திருக்கும்போது இங்கே முழித்திருக்க வேண்டிய வேலை. பின்சீட்டில் போன் பார்த்துக்கொண்டு வந்தான். ஞானதாசுக்குத் திருப்போரூரில் திரும்பினது ஞாபகம் இருக்கிறது. உப்பு வாடை வந்தது ஞாபகம் இருக்கிறது. பாலத்தில் டடக்... என்று ஒரு முறை.

இரண்டாவது டடக் ஞாபகம் இல்லை.

அடுத்து அவருக்குத் தெரிந்தது ஹேண்ட் பிரேக் சத்தம். கர்ர்ரக். தன் கைதான் இழுத்திருக்கிறது. வண்டி சாம் வீட்டு வாசலில், சுவரை ஒட்டி, கோடு போட்ட மாதிரி நிற்கிறது. சாம் கதவைத் திறந்து, "வரேண்ணா, குட் நைட்" என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

பாலத்திலிருந்து மாமல்லபுரம் பதினைந்து கிலோமீட்டருக்குக் குறையாது. நெம்மேலி முனையில் வலது பக்கம் திரும்ப வேண்டும். ஈ.சி.ஆரில் லாரி வரும், மாடு படுத்திருக்கும். எல்லாவற்றையும் தாண்டி வந்திருக்கிறார். ஒன்றும் தெரியவில்லை.

கர்த்தரே என்று சொல்லி, இறங்கி முகம் கழுவலாம் என்று காலை நகர்த்தினார். நகரவில்லை. முழங்கால் இரண்டும் ஸ்டீயரிங்குக்கு அடியில் இடித்துக்கொண்டிருந்தன. சீட்டை யாரோ இரண்டு பல் முன்னால் இழுத்துப் போட்டிருந்தார்கள். நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார். பின்சீட் தெரியவில்லை... கீழே மிதியடிதான் தெரிந்தது.

அவரைவிடக் குள்ளமான ஒரு ஆள் ஓட்டுவதற்குச் சரியாக இருந்தது எல்லாம்.

மேரியிடம் சொல்லவில்லை. பயப்படுவாள். ஜெகதீசனிடம் மட்டும் சொன்னார். இரண்டு பேரும் ஒரே தெரு, ஒரே தொழில்.

"கண்ணு அசந்துட்டிருப்ப, அண்ணாத்த. கை பழக்கத்துல ஓட்டியிருக்கும்" என்றார் ஜெகதீசன்.

"சீட்டு?"

ஜெகதீசன் அவர் முழங்காலைப் பார்த்தார்.

அடுத்த வாரம் மறுபடி. அதற்கடுத்த நாள் மறுபடி. கிளம்புமுன் கண்ணில் தண்ணீர் அடித்துப் பார்த்தார். பச்சை மிளகாய் கடித்துப் பார்த்தார். கண்ணாடியை இறக்கிவிட்டு சத்தம் போட்டு ஞானப்பாட்டு பாடினார். பாலத்தில் முதல் டடக் வரைக்கும் பாட்டு இருக்கும். அப்புறம்... ஹேண்ட் பிரேக். கர்ர்ரக். இடிக்கிற முழங்கால்.

இதற்கு நடுவில்தான் அந்த ஸ்கூல் வேன் விஷயம். வசுமதி என்று ஒரு குழந்தை, நாலு வயசு. காலையில் வேனில் ஏறினதும் கடைசி சீட்டில் சுருண்டு தூங்கிவிடும். ஞானதாஸ் தினமும் எண்ணித்தான் இறக்குவார். பதினாறு. அன்றைக்கும் எண்ணினார். பதினாறு என்றுதான் வாய் சொன்னது. வேனைப் பூட்டிவிட்டு மரத்தடியில் போய் நின்றார். முக்கால் மணி நேரம் கழித்து ஆயா ஓடி வந்தாள்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. தலைமுடியெல்லாம் வேர்வையில் நனைந்து, உதடு வெடித்து, அழக்கூடச் சத்தம் வராமல், கண்ணாடியில் கை வைத்துக்கொண்டிருந்தது. அந்தச் சின்னக் கையின் ஈர அச்சு கண்ணாடியில் நாலைந்து இடத்தில் இருந்தது. ஞானதாஸ் அதைத் துடைக்க முடியாமல் நின்றார். அந்தப் பிள்ளை தூங்கிவிட்டது, சரி. இவர் முழித்துக்கொண்டுதானே இருந்தார்? முழித்துக்கொண்டிருந்து, பதினைந்துக்கும் பதினாறுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஸ்கூலில் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதில் ஒரு நியாயம் இருந்தது. அவரே அதைச் சொன்னார்.

மேரி அவரைக் கையோடு செங்கல்பட்டுக்கு இழுத்துப்போய் ஒரு டாக்டரிடம் காட்டினாள். பிரஷர் நூற்று எண்பது. சர்க்கரை வந்துவிட்டது. காலில் வீக்கம். டாக்டர் பொறுமையான மனுஷன்.

"தூங்காம உடம்பை இப்படி ஓட்டினா, மூளை தானா அங்கங்க சுவிட்சை ஆஃப் பண்ணிக்கும். கண்ணு திறந்தே இருக்கும். ரெண்டு செகண்ட், மூணு செகண்ட். ரோட்டுல அது போதும், ஆள் காலி. அதுக்கும் தப்பிச்சா இதயம், கிட்னி, ஞாபகம்னு ஒண்ணொண்ணா போகும். ராத்திரி வண்டியை விட்டுடுங்க."

"செகண்டு இல்ல சார்" என்றார் ஞானதாஸ். "எனக்குப் பதினஞ்சு கிலோமீட்டர் போவுது."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். அவரை ஒரு தரம் பார்த்தார். அப்புறம் மாத்திரையை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

நேராகப் போய் வண்டி சூப்பர்வைசர் காசிநாதனிடம் சொன்னார், எனக்கு ராத்திரி டூட்டி வேணாம் என்று. காசிநாதன் சிரித்துக்கொண்டே கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். ஒவ்வொரு வண்டியும் எப்படி ஓடுகிறது என்று காட்டுகிற கருவி ஒன்று உள்ளே இருக்கும். வேகம், பிரேக், வளைவு எல்லாம் அதில் பதிவாகும்.

"இன்னா அண்ணாத்த, வேணாங்கற? இத்தப் பாரு. நாவலூர்லேருந்து பாலம் வரிக்கும் நீ ஓட்டுறது படு மோசம். மூணு தபா ஸடன் பிரேக்கு, கோட்ட வுட்டு வெளிய போற. பாலம் தாண்டினா... ஒரு தப்பு இல்ல. நூத்துக்கு நூறு. நாப்பது வண்டி கீது, ஒருத்தனும் இப்டி ஓட்டல. அந்த மாரியே முழுசும் ஓட்டேன்!"

ஞானதாஸ் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பாலம் வரைக்கும் கோணல் மாணலாக ஒரு சிவப்புக் கோடு. அதற்கப்புறம் நேராக, அமைதியாக, பச்சை.

அன்று ராத்திரி சாமை முன்சீட்டில் உட்காரச் சொன்னார்.

"தம்பி, பாலம் வந்தா நீ எங்கிட்ட பேசிகினே இரு. நான் கண்ண மூடினா தோள்ல தட்டு. அடிச்சாலும் பரவால்ல."

சாம் ஒரு மாதிரியாகப் பார்த்தான். "நீங்கதானேண்ணா பேசக் கூடாதுன்னு சொல்றீங்க?"

"யாரு... நானா?"

"ஆமா. டெய்லி பாலம் தாண்டினதும் சீட்ட முன்னாடி இழுத்துப்பீங்க. கண்ணாடிய சரி பண்ணுவீங்க. அப்புறம் மெதுவா, ரகசியம் மாதிரி சொல்வீங்க: 'அவரு தூங்குறாரு. மெதுவாப் பேசு.' நான் ஏதோ ஜோக் அடிக்கிறீங்கன்னு..." பாதியில் நிறுத்திவிட்டான். "அண்ணா? நீங்கதானே சொல்றது?"

டடக்.

கர்ர்ரக்.

முன்சீட் காலி. சாம் வீட்டுக்குள் விளக்கு எரிந்தது. உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் அந்தப் பையன் அவர் வண்டியில் ஏறவே இல்லை. வேறு வேலை தேடிக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார்கள்.

ஞானதாஸ் சாவியைக் கொண்டுபோய்க் காசிநாதன் மேஜையில் வைத்துவிட்டு வந்தார். இனி வீடு. இனி தூக்கம். மேரி ஜன்னலுக்கெல்லாம் பழைய புடவையைக் கட்டி அறையை இருட்டாக்கினாள். ஜெனிஃபர் போனில்கூடச் சத்தமாகப் பேசவில்லை. அவர் பாயில் நீட்டிப் படுத்தார்.

தூக்கம் வரவில்லை.

ஃபேன் ஒரு சுற்றுக்கு ஒரு முறை டிக் என்று சொடுக்கும். அதை எண்ணினார். முதல் நாள் போனது. இரண்டாவது நாள். மாத்திரை போட்டால் வாய் உலர்ந்தது, அவ்வளவுதான். நாலாவது நாள் கை நடுங்கி டம்ளர் விழுந்தது. ஆறாவது நாள் சுவரோரமாக எறும்புகள் ஊர்ந்தன. மேரி கண்ணுக்கு அவை தெரியவில்லை. எட்டாவது நாள், "ஜெனிஃபர்" என்று கூப்பிட வேண்டும், பேர் வரவில்லை. பெற்ற பெண் எதிரே நிற்கிறாள். "அம்மா... ஏம்மா..." என்று மட்டும் வந்தது. அந்தப் பெண் அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள்.

பத்து நாள். ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை.

ஜெகதீசன் தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பத்தாவது நாள் ஞானதாஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஜெகதீசா... எனக்குத் தூக்கம் எங்க கீதுன்னு தெரியும்டா. இந்த வூட்ல இல்ல. அந்தப் பாலத்துக்கு அந்தாண்ட கீது. ஆறு வருஷத் தூக்கமும் அங்கதான் கீது. எவ்ளோ நல்லா இருக்கும் தெரியுமா? சின்னப் புள்ளையில எங்கம்மா தோள்ல தூங்குவேனே, அந்த மாரி."

"போவாத. சொல்றேன் கேளு. போவாதய்யா."

பதினோராவது ராத்திரி ஜெகதீசனுக்கு டூட்டி. மேரி அசந்து தூங்கிவிட்டாள். ஞானதாஸ் பஸ் பிடித்து நாவலூர் போய், காசிநாதனிடம் சாவியைக் கேட்டு வாங்கினார். வண்டியில் யாரையும் ஏற்றவில்லை. தனியாகத் திரும்பினார். திருப்போரூர்... இருட்டு... உப்பு வாடை. பாலத்துக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தார். இரண்டு கையையும் ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வா" என்றார்.

டடக்.

அவர் கண் முழித்தபோது சூரியன் உச்சியில் இருந்தது. கையில் பால் பாக்கெட். தெருமுனைக் கடை. கடைக்காரர் பாக்கிச் சில்லறையை நீட்டிக்கொண்டு, "இன்னாண்ணா, நின்னுகினே இருக்கீங்க?" என்கிறார். அன்றைக்குத் தேதி என்ன என்று கேட்டார். ஒன்பது நாள் போயிருந்தது.

ஓடிப்போய் மேரியிடம் கேட்டார், நான் எப்படி இருந்தேன் என்று. மேரிக்கு ஒன்றும் புரியவில்லை. "நல்லாத்தான் இருந்த. ராத்திரி வண்டிக்குப் போன. பகல்ல கூரைக்குத் தார்ப்பாய் கட்டின. ஜெனிஃபர காலேஜ்ல கொண்டுபோய் வுட்ட. எங்கிட்ட ஒரு வார்த்த கோவமாப் பேசல. கல்யாணம் கட்டின நாள்லேருந்து நீ இவ்ளோ நல்லா இருந்ததில்லய்யா." சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அவர் பார்த்தார்.

"தூங்கினேனா?"

மேரி யோசித்தாள். "நீ தூங்கி நான் பாக்கல."

அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் முழித்திருந்தார். அடுத்து முழித்தது ஒரு கிறிஸ்துமஸ் நட்சத்திர விளக்குக்குக் கீழே. அதற்கடுத்து ஒரு மருந்துக் கடை வரிசையில், கையில் இன்சுலின் சீட்டோடு. அதற்கடுத்து சொந்த வீட்டுக் கூடத்தில், சுவரைப் பார்த்தபடி. சுவரில் அவர் அப்பாவின் போட்டோ, பிளாஸ்டிக் மாலை போட்டு. அப்பா உயிரோடு இருந்தவர். அவருக்குத் தெரிந்து போன வாரம்தான் இருமிக்கொண்டே கஞ்சி குடித்தவர். போட்டோவுக்குக் கீழே இருந்த தேதியைப் படித்தார். ஏழு மாதம் ஆகியிருந்தது. சவப்பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கிப்போனது ஞானதாஸ்தானாம். கல்லறையில் அவர் அழுத அழுகையைப் பார்த்து ஊரே அழுததாம்.

தூக்கம் நன்றாகத்தான் இருந்தது. ஆழமாக, கனவில்லாமல். ஆனால் தூங்கினது அவர் மட்டும். உடம்பு தூங்கவில்லை. அந்த ஆள் அதை ராத்திரியும் பகலும் ஓட்டிக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு முறை முழிக்கும்போதும் கால் இன்னும் கொஞ்சம் வீங்கியிருந்தது, பார்வை இன்னும் கொஞ்சம் மங்கியிருந்தது, நெஞ்சில் யாரோ கல்லை ஏற்றி வைத்த மாதிரி இருந்தது. முழித்திருக்கிற நேரமும் குறைந்துகொண்டே வந்தது. அரை நாள்... ஒரு மணி நேரம்... பத்து நிமிஷம்.

திருவேங்கடம் இங்கே நிறுத்தித் தண்ணீர் குடித்தான். மழை வேன் கூரையில் விழுந்துகொண்டிருந்தது.

கடைசியாக அவர் முழித்தது போன மே மாதம். முதலில் வாசனைதான் வந்தது. மல்லிப்பூ, பிரியாணி, புதுத் துணி. எதிரே வெள்ளைப் புடவையில், தலையில் நெட் போட்டுக்கொண்டு ஒரு பெண் முழங்காலிட்டிருந்தாள். அவர் கை அவள் தலைமேல் இருந்தது. அவள் நிமிர்ந்து, "அப்பா" என்றாள்.

ஜெனிஃபர். பக்கத்தில் கோட்டுப் போட்ட ஒரு பையன். அவன் யார் என்று அவருக்குத் தெரியாது. அவன் பேர் தெரியாது. எல்லாரும் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் எதையோ சொல்லிவிட்டு மண்டபத்துக்குப் பின்பக்கம், பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு வந்தார். அங்கே தண்ணீர்த் தொட்டிக்கு மேல் ஒரு கண்ணாடி. அதில் நரைத்த தாடியோடு ஒரு கிழவன் நின்றான். போனை எடுத்தார். ஜெகதீசன் நம்பர் மட்டும் ஞாபகம் இருந்தது.

ஜெகதீசன் அதே மண்டபத்தில்தான் இருந்தார், முதல் பந்தியில், இலைக்கு முன்னால்.

"ஜெகதீசா... நான்தான்டா. நான்தான் பேசறேன். நிஜமா நான்." மூச்சு வாங்கியது. "எத்தினி வருஷம் ஆச்சு?"

ஜெகதீசனுக்குக் கையிலிருந்த சோறு நழுவியது. அந்தக் குரலைக் கேட்டு அவருக்கு வருஷக்கணக்காயிற்று. தினமும் தெருவில் பார்க்கிறார், தினமும் பேசுகிறார்... ஆனால் இந்தக் குரல் இல்லை.

"எங்க கீற? நான் வர்றேன். அங்கியே இரு."

"என் பொண்ணு வளந்தத நான் பாக்கலடா. எங்கப்பன மண்ணுல வெச்சத பாக்கல. என்ன முழிக்க வெச்சுகினு இருக்கச் சொல்லு யாராச்சும்... அடிக்கச் சொல்லு... எனக்குத் தூக்கம் வேணாம்டா..."

அப்போது போனில் வேறு ஒரு சத்தம். கண்ணாடி வளையல். பட்டுப்புடவை சரசரப்பு. மேரியின் குரல்.

"இங்க இன்னா பண்ற?"

"மேரி! மேரி, நான் வந்துட்டேன். இது நான். உன் புருஷன்."

குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. அப்புறம் மேரி பேசினாள். கோபம் இல்லை. காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையிடம் பேசுகிற மாதிரி, அவ்வளவு மெதுவாக.

"தெரியும். குரல வெச்சே கண்டுபுடிச்சிட்டேன். இன்னிக்கி வேணாம்யா... ரெண்டாவது பந்தி ஒக்காரப் போவுது, சம்மந்தி வூட்டுக்காரங்க கேட்டுகினு கீறாங்க. அவரு இல்லாம ஒண்ணும் நடக்காது. நீ தூங்கு. கண்ண மூடு. நான் புடிச்சிக்கறேன்... தூங்கு."

ஜெகதீசன் எச்சில் கையோடு எழுந்துவிட்டார். இலைகளைத் தாண்டி, நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு பின்பக்கத்துக்கு ஓடினார். கதவருகிலேயே ஞானதாஸ் எதிரே வந்தார். தோளில் துண்டு, கையில் பிரியாணி வாளி. முகம் நிறையச் சிரிப்பு.

"இன்னாடா, பாதியில எழுந்துட்ட? போய் ஒக்காரு. ஒங்களுக்கெல்லாம் பாத்துப் பாத்துத்தான் போடச் சொல்லிகினு கீறேன்."

அதே மெதுவான பேச்சு. தினமும் கேட்கிற பேச்சு. ஜெகதீசன் இரண்டு கையாலும் அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். காதருகே போய், "ஞானதாசு... டேய் ஞானதாசு..." என்று கூப்பிட்டார்.

அவ்வளவு பக்கத்தில் நின்றதால்தான் அது கேட்டது. ஞானதாஸ் சிரித்துக்கொண்டிருந்தார். வருகிறவர்களை வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் சட்டைக்குள்ளே, நெஞ்சுக்கு அடியில் எங்கேயோ ஆழத்திலிருந்து... மெல்லிசாக, விட்டு விட்டு... ஒரு குறட்டைச் சத்தம் வந்துகொண்டிருந்தது.